காலாண்டா, லேட்டஸ்ட்டா, போர்ட்ஸா, பூட்ரியேரா: ஃப்ரீபிஎஸ்டியில் மென்பொருளைப் புதுப்பிக்க எந்த வழி?

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் ஓடும் மெஷின் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), பிஎச்பி (நிரல்மொழி), போஸ்ட்கிரஸ் (தகவல்தளம்) என்று நாமே போட்டுக்கொண்ட மென்பொருட்களை எந்த வழியில் புதுப்பிப்பது? ரெடியாக வரும் பேக்கேஜை இறக்குவதா, போர்ட்ஸ் மரத்திலிருந்து (மென்பொருட்களைக் கட்டும் குறிப்புகளின் தொகுப்பு) கம்பைல் செய்வதா? செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக் கடையின் பில்லிங் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு பதில். ஏற்காட்டு எஸ்டேட் ஆபீசில் இருக்கும் மெஷினைச் சேலத்தில் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு இன்னொரு பதில்.

ஒன்றை முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கெர்னல், ஷெல், எஸ்எஸ்எச் எல்லாம் அடிப்படை அமைப்பு. 14-ஆம் வரிசை வரை பெரும்பாலான மெஷின்களில் அதைப் புதுப்பிப்பது ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் கட்டளை. நாம் நிறுவியவை அத்தனையும் /யூஎஸ்ஆர்/லோக்கல் என்ற தனி வீட்டில் இருக்கின்றன. இங்கே பேசுவது அந்த வீட்டைப் பற்றி மட்டும்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், திரும்பி வரும் வழி. புதுப்பித்த பிறகு கடை பில் போட மறுத்தால், நேற்றைய நிலைக்கு எத்தனை நிமிடத்தில் போகலாம்? மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நாம் அதிக எடை கொடுக்கிறோம்.

இரண்டாவது, நேரம். மெஷின் ஓடும் நேரம் வேறு, ஆள் திரையைப் பார்த்து உட்கார வேண்டிய நேரம் வேறு. மூன்றாவது, நெட் லைனும் கரண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்நிறுத்தம் என்று பேப்பரில் வரும் நாளில் ஆறு மணி நேரக் கம்பைலை ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான்காவது, பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தபின் திருத்தம் உங்கள் மெஷினுக்கு வந்து சேரும் வேகம். கடைசியாக, ஆப்ஷன்: ரெடி பேக்கேஜில் இல்லாத வசதி உங்களுக்கு நிஜமாகவே வேண்டுமா? வேண்டும் என்று நினைப்பவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியிருக்காது. அட்டவணையில் வரும் போர்ட்மாஸ்டர், போர்ட்ஸை ஒவ்வொன்றாகக் கட்டிப் புதுப்பிக்கும் கருவி; பூட்ரியேர், தனி மெஷினில் கட்டி நமக்கென்று பேக்கேஜ் தயாரிக்கும் கருவி.

| | காலாண்டு பேக்கேஜ் | லேட்டஸ்ட் பேக்கேஜ் | போர்ட்ஸ், போர்ட்மாஸ்டர் | பூட்ரியேர் |
|---|---|---|---|---|
| ஆரம்ப வேலை | எதுவும் இல்லை | ஒரு சின்ன ஃபைல் | மரத்தை இறக்கி ஆப்ஷன் குறிப்பது | ஏறக்குறைய ஒரு முழு நாள் |
| ஒவ்வொரு தடவையும் | சில நிமிடம் | சில நிமிடம், ஆனால் அடிக்கடி | மணிக்கணக்கு, ஆளும் பக்கத்தில் வேண்டும் | மெஷினுக்கு ராத்திரி முழுக்க, ஆளுக்கு அரை மணி |
| நடுவில் கரண்ட் போனால் | சரிசெய்யலாம் | சரிசெய்யலாம் | பாதி புதுசு, பாதி பழசு | ஓடும் சர்வருக்குச் சேதமில்லை |
| ஆப்ஷன் மாற்ற | முடியாது | முடியாது | முடியும் | முடியும் |
| யாருக்கு | கடை, ஆபீஸ், எஸ்டேட் | டெஸ்க்டாப், லேப் | ஒற்றை மெஷின், ஓரிரு விசேஷ மென்பொருள் | நாலைந்துக்கு மேல் சர்வர் |

## காலாண்டு பேக்கேஜ்

ரிலீஸ் பதிப்பை நிறுவினால், பேக்கேஜ்களை நிறுவும் பிகேஜி கட்டளை தானாகவே பார்ப்பது காலாண்டுக் கிளையைத்தான். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் தொடக்கத்தில் போர்ட்ஸ் மரத்திலிருந்து ஒரு கிளை பிரிகிறது. அடுத்த மூன்று மாதம் அதில் பாதுகாப்புத் திருத்தமும் சில பிழைத்திருத்தமும் மட்டுமே சேரும். கடைக்கு இதுதான் தோது, மென்பொருள் தன்பாட்டுக்கு இருக்கும்.

சிக்கல் கிளை மாறும் வாரத்தில் வருகிறது. அந்த நான்கு மாதத்தை நம்மூர் நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். ஜனவரியில் பொங்கல் வியாபாரம். ஏப்ரலில் வருஷக் கணக்கு முடிப்பு, ஆடிட்டர் ஆபீசில் தலை தூக்க நேரமிருக்காது. ஜூலையில் ஆடி பிறக்கும், கோட்டை மாரியம்மன் பண்டிகை வரும். அக்டோபரில் தீபாவளிக் கூட்டம். மார்ச் மாதம் நாலைந்து பேக்கேஜ் மட்டும் காட்டிய அதே கட்டளை, ஏப்ரல் முதல் வாரத்தில் நூற்றுக்கு மேல் காட்டும். பழக்க தோஷத்தில் 'ஒய்' தட்டினால் தொலைந்தது.

என்ன தொலையும்? போஸ்ட்கிரஸ் வைத்தே பார்க்கலாம். ஒரு கிளையில் போஸ்ட்கிரஸின் இயல்புப் பதிப்பு மாறுகிறது என்று வையுங்கள். பிஎச்பியின் போஸ்ட்கிரஸ் இணைப்புப் பேக்கேஜ் புது கிளையன்ட்டைக் (சர்வரோடு பேசும் பகுதி) கேட்கும். புது கிளையன்ட்டும் பழைய கிளையன்ட்டும் ஒரே ஃபைல்களை வைக்கிறவை, சேர்ந்து இருக்க முடியாது. பழைய கிளையன்ட் போக வேண்டும், அதை நம்பியிருக்கும் பழைய சர்வரும் கூடவே போக வேண்டும். பிகேஜி இதை மறைப்பதில்லை. 'இன்ஸ்டால்டு பேக்கேஜஸ் டு பி ரிமூவ்டு' என்ற தலைப்பில் போஸ்ட்கிரஸ் சர்வர் பெயரைப் போட்டுக் காட்டத்தான் செய்கிறது. நூறு வரி ஓடுகிற திரையில் அதை யார் படிக்கிறார்கள்? டேட்டா ஃபைல் அழியாது, ஆனால் அதைத் திறக்கும் சர்வர் இருக்காது. புதுப் பெரும்பதிப்பு பழைய டேட்டா அடைவை நேரடியாகப் படிக்கவும் படிக்காது.

ஆகவே முதலில் எப்போதும் `பிகேஜி அப்கிரேட் -என்`. இது எதையும் தொடாது, என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். நீக்கப்படும் பட்டியலில் உங்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். போஸ்ட்கிரஸ் என்றால் பழைய சர்வர் ஓடும்போதே `பிஜி_டம்ப்ஆல்` கொண்டு முழு நகல் எடுத்துவிட்டு, பதிப்பு மாற்றத்தைத் தனி வேலையாக ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். கிளை மாறிய முதல் வாரத்தை விட்டுவிட்டு மாத நடுவில் செய்வதே நல்லது. அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது: புதுக் கிளை பிறந்தபின் பழைய கிளைக்குத் திருத்தம் வராது.

இன்னொரு மறைமுகச் செலவு சர்வீஸ் ரீஸ்டார்ட். பிகேஜி புது ஃபைலை வைத்துவிட்டுப் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின்எக்ஸையோ பிஎச்பியையோ தானாக நிறுத்தித் தொடங்காது. ஓட்டையை அடைத்துவிட்டோம் என்று நினைப்போம், பழைய புரோகிராம் மெமரியில் ஓடிக்கொண்டே இருக்கும். இதைவிட மோசம், புது கான்ஃபிக் பிழை அன்றைக்குத் தெரியாமல் இருந்துவிட்டு, மூன்று மாதம் கழித்துக் கரண்ட் போய் மெஷின் திரும்ப எழும்போது கடை திறக்கும் நேரத்தில் பல்லை இளிப்பது. புதுப்பித்த கையோடு `சர்வீஸ் என்ஜின்எக்ஸ் ரீஸ்டார்ட்` என்று ஒவ்வொன்றையும் நீங்களே தட்டி எழுப்புங்கள். முடிந்தால் மெஷினையே ஒருமுறை ரீபூட் செய்து பாருங்கள்.

நீங்கள் கைவைத்த கான்ஃபிக் ஃபைலை பிகேஜி மேலெழுதாது. புது மாதிரி பக்கத்தில் '.சாம்பிள்' போன்ற பெயரில் கிடக்கும். `டிஃப்` போட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். பழைய வரி ஒன்று புதுப்பதிப்பில் செல்லாமல் போனது அங்கேதான் தெரியும்.

'நியூவர் ஃப்ரீபிஎஸ்டி வெர்ஷன் ஃபார் பேக்கேஜ்' என்று ஒரு தடை வந்தால், பேக்கேஜ் உங்கள் அடிப்படை அமைப்பைவிடப் புதுசு என்று அர்த்தம். அந்தச் செய்தியே தடையை மீறும் வழியையும் சொல்லித்தரும். அதைக் கேட்காதீர்கள். மீறினால் நிறுவல் முடியும், புரோகிராம் ஓடாமல் போகலாம். முதலில் ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட், பிறகு பிகேஜி.

## லேட்டஸ்ட் பேக்கேஜ்

போர்ட்ஸ் மரத்தின் முதன்மைக் கிளையிலிருந்து கட்டியது இது. மாறுவது சுலபம். /யூஎஸ்ஆர்/லோக்கல்/இடிசி/பிகேஜி/ரெப்போஸ் அடைவில் ஒரு ஃபைல் வைத்து, முகவரியில் 'குவார்ட்டர்லி' இருக்கும் இடத்தில் 'லேட்டஸ்ட்' என்று போட வேண்டும். ரெப்போவின் (பேக்கேஜ் கிடங்கு) பெயர் வரிசைக்கு வரிசை மாறும் என்பதால் `பிகேஜி -விவி` காட்டும் பெயரையே எழுதுங்கள். /இடிசி/பிகேஜி-யில் இருக்கும் மூல ஃபைலைத் திருத்தாதீர்கள், அது அடிப்படை அமைப்புக்குச் சொந்தம்.

லாபம் என்னவென்றால், திருத்தம் முதலில் இங்கேதான் வரும்; காலாண்டுக் கிளைக்கு அதைத் தனியாக எடுத்துப் போட வேண்டும். பிரவுசர் ஓடும் டெஸ்க்டாப்புக்கு இந்த வித்தியாசம் முக்கியம். நஷ்டம், மேலே சொன்ன பெரும்பதிப்பு மாற்றங்கள் வருஷத்தில் நாலு வாரம் என்றில்லாமல் எந்த வாரமும் வரலாம். கல்லூரி லேபுக்குச் சரி. பில் போடும் மெஷினுக்கு வேண்டாம்.

டெஸ்க்டாப்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கிராஃபிக்ஸ் டிரைவர் ஒரு கெர்னல் மாட்யூல். 14.1-இலிருந்து 14.2 மாதிரி சின்னப் பதிப்பு மாறும் சமயத்தில், பழைய பதிப்புக்குக் கட்டிய மாட்யூல் புதுக் கெர்னலில் ஏறாமல் போகலாம். சில நேரம் மெஷினே படுத்துவிடும். 14.2 முதல் கெர்னல் மாட்யூலுக்கென்று தனி ரெப்போ வந்திருக்கிறது, அது இயங்குநிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## போர்ட்ஸ், போர்ட்மாஸ்டர்

ஒவ்வொரு மென்பொருளையும் உங்கள் மெஷினிலேயே, உங்களுக்கு வேண்டிய ஆப்ஷனோடு கட்டுவது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ, ஆடியோ மென்பொருளில் உரிமக் காரணத்தால் ரெடி பேக்கேஜில் அணைத்து வைத்த கோடெக் வேண்டுமென்றாலும், பேக்கேஜாக விநியோகிக்கவே அனுமதி இல்லாத மென்பொருள் வேண்டுமென்றாலும் போர்ட்ஸைத் தவிர வழியில்லை.

மரத்தை இறக்கப் பழைய கட்டுரைகளைப் பார்த்து `போர்ட்ஸ்னாப்` தட்டாதீர்கள், 14.0-இலேயே அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கிட் தான். முழு வரலாறும் வேண்டாம் என்றால் 'டெப்த் 1' போட்டு இறக்கலாம். மீதி மென்பொருள் காலாண்டுப் பேக்கேஜாக இருந்தால் மரத்திலும் அதே காலாண்டுக் கிளையையே எடுங்கள். இங்கே வழுக்கி விழுபவர்கள் ஏராளம்: மரம் முதன்மைக் கிளை, பேக்கேஜ் காலாண்டு, லைப்ரரிப் பதிப்புகள் ஒட்டாமல் ஒவ்வொன்றாக முறியும்.

மரத்தைப் புதுப்பித்ததும் /யூஎஸ்ஆர்/போர்ட்ஸ் அடைவில் இருக்கும் 'அப்டேட்டிங்' (முழுதும் பெரிய எழுத்து) ஃபைலைப் படிக்காமல் `போர்ட்மாஸ்டர் -ஏ` தட்டக்கூடாது. பெர்ல் பதிப்பு மாறினால் அதைச் சார்ந்த அத்தனையையும் திரும்பக் கட்ட வேண்டும். எந்தக் கட்டளையால் என்பதை அந்த ஃபைல்தான் சொல்லும்.

போர்ட்மாஸ்டரின் அடிப்படைக் குறை, ஓடும் மெஷினிலேயே ஒவ்வொன்றாகக் கட்டி, கட்டியதைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது. 40 போர்ட்டில் 23-ஆவது கம்பைல் முறிந்தால் 22 புதுசு, 18 பழசு. பாதிக் கிணறு தாண்டிய கதை. அந்நேரம் கரண்டும் போனால் கேட்கவே வேண்டாம். சாதாரண யூபிஎஸ் பேக்கேஜ் நிறுவும் சில நிமிடத்தைத் தாங்கும், ரஸ்ட், எல்எல்விஎம் போன்ற பெரிய கம்பைலர்களைக் கட்டும் மணிக்கணக்கைத் தாங்காது. '-டபிள்யூ' ஆப்ஷன் போட்டால் பழைய லைப்ரரிகளை ஒதுக்கி வைத்துக்கொள்ளும், ஓரளவு தாங்கும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் லேப்டாப்பில் இதைச் செய்தால், சூடேறிச் சிபியூ தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆகும் நேரம் இன்னும் நீளும்.

ஒன்றிரண்டை மட்டும் போர்ட்ஸில் கட்டி, மீதியைப் பேக்கேஜாக வைத்திருப்பதுதான் நடைமுறையில் பலர் செய்வது. அப்படியென்றால் கட்டியதை `பிகேஜி லாக்` போட்டுப் பூட்டாவிட்டால், அடுத்த அப்கிரேடில் பிகேஜி 'ஆப்ஷன் மாறியிருக்கிறது' என்று சொல்லி ரெடி பேக்கேஜை அதன்மேல் போட்டுவிடும். பூட்டினாலும் ஒரு செலவு உண்டு, பூட்டியதை மறந்துவிடுவோம். வருஷக்கணக்கில் திருத்தம் காணாத என்ஜின்எக்ஸ் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. `பிகேஜி ஆடிட் -எஃப்` (பெரிய எஃப்) தெரிந்த ஓட்டைகளைப் பட்டியலிடும். தினசரிச் சோதனையும் இதையே ரூட் அஞ்சலுக்கு அனுப்புகிறது, அதை யாரும் திறப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. /இடிசி/அலியாசஸ் ஃபைலில் ரூட் அஞ்சலை உங்கள் முகவரிக்குத் திருப்பிவிடுங்கள்.

## பூட்ரியேர்

போர்ட்ஸின் சுதந்திரமும் பேக்கேஜின் நிம்மதியும் சேர்ந்தது. ஒரு மெஷின் சுத்தமான ஜெயிலுக்குள் (தனித்து அடைத்த சூழல்) எல்லாவற்றையும் கட்டி, உங்களுக்கென்று ஒரு ரெப்போ தயாரிக்கும். சர்வர்கள் அதிலிருந்து சாதாரண `பிகேஜி அப்கிரேட்` செய்யும். கம்பைல் முறிந்தால் முறிவது கட்டும் மெஷினில்தான். ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் ஐந்தாறு சர்வர் வைத்து வேலை செய்யும் சின்ன நிறுவனத்துக்கு இதைத்தான் சொல்வோம். 40 மெஷின் உள்ள லேபுக்கும் பொருந்தும்.

விலை ஹார்ட்வேர். ரஸ்ட், எல்எல்விஎம் பட்டியலில் இருந்தால் 16 ஜிபி ரேமும் 100 ஜிபி காலி இடமும் வைத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபிதான் இருக்கிறது என்றால் கான்ஃபிக்கில் டெம்ப்எஃப்எஸ் (ரேமையே டிஸ்க்காக வைப்பது) பயன்பாட்டை நிறுத்தி, பேரலல் ஜாப்ஸ் எண்ணை 2 ஆக்குங்கள். இல்லாவிட்டால் மெமரி தீர்ந்து நள்ளிரவில் கம்பைல் செத்துக்கிடக்கும். புதிதாக வருபவர்களைக் குழப்பும் ஒன்று: இயல்பாகவே பூட்ரியேர் ஒரு போர்ட்டுக்கு ஒரு கோர்தான் கொடுக்கும். கடைசியில் ரஸ்ட் மட்டும் தனியாக ஒரு கோரில் நகர, மீதி கோர்கள் கொட்டாவி விடும். 'அலவ்_மேக்_ஜாப்ஸ்_பேக்கேஜஸ்' (முழுதும் பெரிய எழுத்து) வரியில் அந்தப் பெரிய போர்ட்களின் பெயரை மட்டும் சேர்த்தால் நேரம் வெகுவாகக் குறையும். ஆப்ஷன் மாற்றாதவற்றைக் கட்டாமல் அதிகாரப்பூர்வ ரெப்போவிலிருந்தே எடுத்துக்கொள்ளவும் `பூட்ரியேர் பல்க்` கட்டளைக்கு '-பி' ஆப்ஷன் உண்டு.

கட்டும் மெஷினின் பதிப்பு ஜெயிலின் பதிப்புக்குச் சமமாகவோ புதிதாகவோ இருக்க வேண்டும். சர்வர்களில் அதிகாரப்பூர்வ ரெப்போவை அணைத்துவிடுங்கள். இரண்டையும் திறந்து வைத்தால் போர்ட்ஸ் பகுதியில் சொன்ன அதே கலப்படம் இங்கேயும் நடக்கும். ஒரே ஒரு சர்வருக்காகப் பூட்ரியேர் வைப்பது, ஒரு படி ஜவ்வரிசிக்குச் சேகோ ஆலை வைப்பது.

## மலையில் இருக்கும் மெஷின்

ஏற்காட்டில் எஸ்டேட் மெஷினுக்குக் காலாண்டுதான், அதில் மாற்றமில்லை. செய்யும் முறைதான் வேறு. லைன் மெதுவாக இருந்தால் ராத்திரி `பிகேஜி அப்கிரேட் -எஃப்` ஓட்டி இறக்கி மட்டும் வையுங்கள். இங்கே பெரிய எஃப். சின்ன எஃப் போட்டால் இருப்பது அத்தனையையும் மறுபடி இறக்கி நிறுவ ஆரம்பிக்கும், மாத டேட்டா அதோடு காலி. நடுவில் லைன் போனாலும் முழுதாக இறங்கிய பேக்கேஜ்கள் கேஷில் இருக்கும், மறுநாள் மீதியைத் தொடரலாம். காலையில் நிறுவும்போது நெட் வேகம் பற்றிக் கவலையில்லை.

லைனே இல்லாத இடம் என்றால், அதே பதிப்பு ஓடும் சேலத்து மெஷினில் `பிகேஜி ஃபெட்ச் -டி -ஓ` கொண்டு சார்புகளோடு ஒரு அடைவில் இறக்கி, `பிகேஜி ரெப்போ` ஓட்டி, பென்டிரைவில் மேலே எடுத்துப் போங்கள். ரெப்போ முகவரியில் 'ஃபைல்' என்று தொடங்கும் பாதை கொடுத்தால் போதும்.

தொலைவிலிருந்து நிறுவும்போது டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். பனி இறங்கி சிக்னல் போனாலும் மேலே வேலை நிற்காது. எஸ்எஸ்எச் அடிப்படை அமைப்பில் இருப்பதால் பிகேஜி அதைத் தொடாது. ஆனால் உள்ளே போகும் வழியே ஓபன்விபிஎன் பேக்கேஜ் என்றால், அதைக் கடைசியாகத் தனியே, மேலே ஒரு ஆள் மெஷின் பக்கத்தில் இருக்கும்போது புதுப்பியுங்கள். தவறினால் 20 கொண்டை ஊசி வளைவையும் நீங்களே ஏற வேண்டியிருக்கும்.

## திரும்பி வரும் வழி, அதிலுள்ள குழி

இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் அமைப்பில் நிறுவியிருந்தால் புதுப்பிக்கும் முன் `பிஇசிடிஎல் கிரியேட் பழசு` மாதிரி ஒரு பூட் சூழலை (மெஷினின் இப்போதைய நிலையின் நகல்), பெயரை ஆங்கிலத்தில் கொடுத்து, உருவாக்குங்கள். சில நொடி வேலை. உடைந்தால் `பிஇசிடிஎல் ஆக்டிவேட்` போட்டு ரீபூட். மெஷின் எழவே இல்லை என்றால் பூட் மெனுவில் பழைய சூழலைத் தேர்ந்தெடுக்கலாம். நான்கு வழிக்கும் இது பொருந்தும்.

குழி இங்கே. இயல்பான இசட்எஃப்எஸ் அமைப்பில் /வார்/டிபி அடைவும் பூட் சூழலுக்குள்ளேயே இருக்கிறது. பிகேஜியின் தகவல்தளம் கூடவே திரும்பி வர வேண்டும் என்பதால் அது சரிதான். ஆனால் போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல் டேட்டாவும் அங்கேதான் இருக்கிறது. திங்கள் இரவு புதுப்பித்து, வியாழக்கிழமை கோளாறு கண்டு பழைய சூழலுக்குப் போனால், மூன்று நாள் பில்லும் காணாமல் போகும். பதறாதீர்கள், அவை புதுச் சூழலுக்குள் இருக்கின்றன. `பிஇசிடிஎல் மவுண்ட்` செய்து எடுக்கலாம். பதறும் நிலையே வராமலிருக்க டேட்டா அடைவுக்குத் தனி டேட்டாசெட் (இசட்எஃப்எஸ்ஸில் தனிப் பிரிவு) போட்டுவிடுங்கள். அப்போதும் ஒன்று மிஞ்சும்: மைஎஸ்கியூஎல் 8.4 ஒருமுறை திறந்து மாற்றிய டேட்டாவை 8.0 திரும்பப் படிக்காது. அதனால் டம்ப் எடுப்பதைத் தவிர்க்க வழியே இல்லை.

யூஎஃப்எஸ் என்ற பழைய ஃபைல் அமைப்பு உள்ள மெஷினில் பூட் சூழல் கிடையாது. கையிலிருக்கும் துணை /வார்/கேஷ்/பிகேஜி. பழைய பேக்கேஜ் அங்கே கிடந்தால் `பிகேஜி ஆட் -எஃப்` (இங்கே சின்ன எஃப்) மூலம் திரும்பப் போடலாம். ஆகவே புதுப்பித்து ஒரு வாரம் ஆகும்வரை `பிகேஜி கிளீன்` பக்கம் போகாதீர்கள்.

நிறுவும் நடுவில் கரண்ட் போனால், எழுந்ததும் `பிகேஜி செக் -எஸ் -ஏ`. எந்த ஃபைல் கெட்டது என்று காட்டும். அந்தப் பேக்கேஜை `பிகேஜி இன்ஸ்டால் -எஃப்` (சின்ன எஃப்) கொண்டு மறுபடி நிறுவுங்கள். பிகேஜியே ஓட மறுத்தால் `பிகேஜி-ஸ்டாட்டிக்` என்ற பெயரில் அழையுங்கள், லைப்ரரி எதையும் நம்பாத நகல் அது.

## போர்ட்ஸிலிருந்து பேக்கேஜுக்கு மாற

வருஷக்கணக்கில் போர்ட்மாஸ்டர் ஓட்டிச் சலித்தவர்கள் இந்த வழியாக வெளியே வரலாம். /வார்/டிபி/போர்ட்ஸ் அடைவைத் திறந்து, எந்தெந்த மென்பொருளுக்கு ஆப்ஷன் சேமித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். இயல்பு ஆப்ஷனிலிருந்து நிஜமாகவே மாற்றியவற்றை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். பட்டியல் காலி என்றால் பூட் சூழல் ஒன்று எடுத்துவிட்டு, `பிகேஜி அப்கிரேட் -எஃப்`. இந்த ஒரு தடவை சின்ன எஃப்தான் வேண்டும். எல்லாம் ரெடி பேக்கேஜாக மாறும். ஒன்றிரண்டு மிஞ்சினால் அவற்றை மட்டும் முன்கூட்டியே பூட்டுங்கள். சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்து ஒரு வாரம் ஓடவிட்டு, பூட்டியது எதுவும் இல்லையென்றால் /யூஎஸ்ஆர்/போர்ட்ஸை டிஸ்ட்ஃபைல்ஸோடு (இறக்கிய மூலக்கோப்புகள்) சேர்த்து அழித்துவிடலாம். டிஸ்க்கில் கணிசமான இடம் திரும்பக் கிடைக்கும்.